‘ரெண்டும் சரிதானே சேர்?’ – ஆங்கில வினைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள். மீதிப்பேர் ஹோட்டலிலோ வேன் ஓட்டியோ வெள்ளைக்காரரோடு பேசிப் பிழைக்கிறவர்கள். இரு சாராரும் வழுக்குவது ஒரே இடத்தில்தான்: ஒரு வினைக்குப் பின்னால் வரும் அடுத்த வினையின் கடைசியில் ஐ.என்.ஜி. (-ing) சேர்ப்பதா, அதன் முன்னால் ‘டு’ (to) போடுவதா என்பதில். ‘என்ஜோய்’ வந்தால் ஐ.என்.ஜி., ‘வோன்ட்’ வந்தால் ‘டு’ என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. பழகப்பழக அது தானாக வந்துவிடும்.

‘இரண்டும் வரும்’ என்பதை ‘எதுவும் வரலாம்’ என்று படிப்பது

டியூஷன்களில் கைமாறிக்கொண்டே இருக்கும் போட்டோகொப்பி ஒன்று உண்டு. முதல் நிரலில் ஐ.என்.ஜி. எடுக்கும் வினைகள், அடுத்ததில் ‘டு’ எடுப்பவை, மூன்றாவதில் ‘இரண்டும் வரும்’. அந்த மூன்றாவது நிரலைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிகின், ஸ்டார்ட், கன்டினியூ எல்லாவற்றையும் ஸ்டொப், ரிமெம்பர், ஃபர்கெட், ட்ரை, ரிக்ரெட்டோடு ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். ‘இட் பிகேன் டு ரெய்ன்’ என்றாலும் ‘இட் பிகேன் ரெய்னிங்’ என்றாலும் பெய்வது ஒரே மழைதான். ஸ்டொப்பில் அப்படி இல்லை.

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வேன் ஓட்டுகிறார். சிவனொளிபாதமலை ஏறிவிட்டு நுவரெலியா போக நினைத்த ஒரு குடும்பத்தோடு வாட்ஸ்அப்பில் வாடகை பேசி முடித்தாயிற்று. கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: ‘ஒன் த வே வி ஸ்டொப் விசிட்டிங் டெவோன் அண்ட் சென்கிளையர் ஃபோல்ஸ்.’ அந்த இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் இறங்கிப் பார்ப்போம் என்பதுதான் அவர் மனதில். அங்கே போவதையே நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் படித்தார்கள். மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பிறகு சென்கிளையரில் தண்ணீர் குறைந்த கதையை எங்கோ வாசித்திருந்ததால், திருப்பிக் கேட்கவும் தோன்றவில்லை. வேறு வேன் பிடித்துப் போய்விட்டார்கள். தம்பி அந்த போட்டோகொப்பியை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். “ரெண்டும் சரின்னுதானே சேர் போட்டிருக்கு?”

ஸ்டொப்புக்குப் பின் ஐ.என்.ஜி. வந்தால் அந்த வேலைதான் நிற்கிறது. ‘டு’ வந்தால் அந்த வேலையைச் செய்வதற்காக நாம் நிற்கிறோம். ‘ஷி ஸ்டொப்ட் ப்ளக்கிங்’: கொழுந்து பறிப்பதை நிறுத்தினாள். ‘ஷி ஸ்டொப்ட் டு ப்ளக்’: போகிற வழியில் நின்று கொழுந்து பறித்தாள். தம்பிக்கு வேண்டியிருந்தது ‘ஸ்டொப் டு விசிட்’. ஒரு ‘டு’வுக்காக ஒரு நாள் வாடகை போயிற்று.

ரிமெம்பருக்கும் ஃபர்கெட்டுக்கும் விதி தேடுவது

வேண்டாம், தமிழே போதும். ‘பூட்ட மறந்துவிட்டேன்’ என்றால் கதவு திறந்து கிடக்கிறது: ‘ஃபர்கொட் டு லொக்’. ‘பூட்டியது ஞாபகம் இருக்கிறது’ என்றால் பூட்டியாயிற்று: ‘ரிமெம்பர் லொக்கிங்’. ‘டு’ இனி நடப்பது, ஐ.என்.ஜி. முன்பு நடந்தது என்று சிலர் குறுக்குவழி சொல்வார்கள். இங்கே அது சரிவரும். ட்ரையிடம் கொண்டுபோகாதீர்கள்.

ட்ரை

‘ஐ ட்ரைட் டு ஸ்டார்ட் த வேன்’: ஸ்டார்ட் பண்ண முயன்றேன், அநேகமாக முடியவில்லை. ‘ட்ரை புஷிங் இட்’: தள்ளிப் பாருங்கள், சிலவேளை சரிவரும்.

கோ ஒன்

‘வென்ட் ஒன் டோக்கிங்’ என்றால் பேச்சு நிற்கவில்லை. ‘வென்ட் ஒன் டு டோக்’ என்றால் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

நீட்

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று தோட்ட ஒபீசுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறீர்கள். ‘த ரூஃப் நீட்ஸ் டு ரிபேர்’ என்று எழுதினால், கூரையே சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு மேலே ஏறவேண்டும். ‘நீட்ஸ் ரிபேரிங்’ என்று எழுதுங்கள். ‘நீட்ஸ் டு பி ரிபேர்ட்’ என்றாலும் சரி.

ரிக்ரெட்

வேலை இல்லை என்று வரும் கடிதத்தில் ‘வி ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ’ என்று இருக்கும். அதைப் பார்த்து ‘ஐ ரிக்ரெட் டு லீவ் ஸ்கூல்’ என்று எழுதுகிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வருந்தினால் ‘ரிக்ரெட் லீவிங்’. ‘ரிக்ரெட் டு’ பெரும்பாலும் சே, டெல், இன்ஃபோர்ம் போன்ற வினைகளோடுதான் வரும், அதுவும் கெட்ட செய்தி சொல்லப்போகும்போது.