பள்ளி வாரியத்தை அணுகும் முறை

கோலாலம்பூரில் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்துள்ள பெற்றோர், கட்டடம், நிலம் குறித்துக் கேள்வி எழுப்புமுன், அது அரசாங்கப் பள்ளியா, அரசாங்க உதவி பெறும் பள்ளியா என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிய வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி உதவி பெறும் பள்ளிக்கு மேலாளர் வாரியம் உண்டு. நிலம், சொத்து பற்றிய பேச்சு அங்கேதான் செல்ல வேண்டும். ஆசிரியர் இடமாற்றத்தை வாரியத்தினரிடம் முறையிட்டுப் பயனில்லை, அதைக் கல்வி இலாகாவே கவனிக்கிறது. வாரியத்தைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு குழப்பிக்கொள்வோர் ஏராளம் (கூட்டங்களில் பாதி நேரம் இதிலேயே கரைகிறது). சங்கத்தின் கணக்கறிக்கையை ஆண்டுப் பொதுக்கூட்டத்திலேயே கேட்கலாம். வாரியத்திற்கோ கையொப்பமிட்ட கடிதமே ஏற்றது. அதன் நகலைக் கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.