மாத நாவல் கட்டிலிருந்து ஓர் இதழின் ஏற்ற இறக்கத்தைப் படிப்பது எப்படி

1969-ல் ராணி முத்து என்ற மாத இதழ் கையில் எடுத்த ‘மாதம் ஒரு முழு நாவல்’ முறையை, 80-களில் துப்பறியும் கதைகள் வளைத்துக்கொண்டன. அந்த இதழ்கள் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்தால், அட்டை கிழிந்ததென்று ஒதுக்காதீர்கள். ஒரே இதழ் வரிசையாகக் கிடைப்பதுதான் முக்கியம். உதிரியாக இருபது இருந்தும் பயனில்லை.

முதலில் பூச்சி. ஜிப் கவரில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விடவும். அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் தாளில் படிந்து பூஞ்சை பிடிக்கும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை வெளியிலிருந்து இழுத்தால் நடுத்தாள் கிழிந்துவிடும். உள்பக்கம் இரு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு எடுத்து, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளையும் கறையாக்கும். காலி மாம்பழப் பெட்டியில் அடுக்குவது நம் ஊர்ப் பழக்கம். பழச்சாறு ஊறிய அட்டைக்குக் கரப்பான் தேடி வரும்.

அடுத்து ஒரு நோட்டில் நான்கு கட்டம்: மாதம், விலை, கதைப் பக்கம், விளம்பரப் பக்கம். விலை ஏறி, கதைப் பக்கம் குறைந்தால் அது காகித விலையின் நெருக்கடியாக இருக்கலாம். விளம்பரமும் சேர்ந்து குறைந்தால்தான் விற்பனை சரிகிறதென்று சந்தேகப்பட வேண்டும். புதுக்கதை இருந்த இடத்தில் மறுபதிப்பு வருகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தாளருக்குக் கை ஓய்ந்ததா, பதிப்பாளருக்குப் பணம் ஓய்ந்ததா என்பது அதை மட்டும் வைத்துத் தெரியாது.

மார்ச் இதழைத் தவறவிடாதீர்கள். அன்றைய பத்திரிகைப் பதிவு விதிப்படி, ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் உரிமையாளர், ஆசிரியர், அச்சிடுபவர் விவரத்தைப் படிவம் 4-ஆக வெளியிட வேண்டியிருந்தது. இதழ் கைமாறியது அங்கே தெரிந்துவிடும்.

வாடகை நூலகம் பைண்டு செய்து வைத்த தொகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. ஓரம் வெட்டப்பட்டுப் பக்க எண் போயிருக்கும், பரவாயில்லை. பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டைப் பாருங்கள். வாரம் இரண்டு முத்திரை விழுந்த இடத்தில் மாதம் ஒன்றுகூட இல்லையென்றால், வாசகர் எப்போது நகர்ந்தார் என்பது கிட்டத்தட்டப் பிடிபடும். 1993-ல் சன் டிவி வந்தது. ஆனால் பழியை அதன் தலையில் போடுமுன், அதற்கு முந்தைய ஆண்டுகளின் சீட்டுகளையும் எண்ணுங்கள்.