ஆஃபர் லெட்டரை ரூபாயால் பெருக்கும் முன்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பி.எட். முடித்து வளைகுடா வேலைக்குப் பார்ப்பவர்கள் முதலில் போடுவது பெருக்கல் கணக்கு. மாதம் 3,500 திர்ஹாம் (அமீரக நாணயம்), ஒரு திர்ஹாம் 24 ரூபாய் எனக் கொண்டால் 84,000. திருப்பாதிரிப்புலியூர்த் தனியார் பள்ளிச் சம்பளத்தோடு அதை வைத்துப் பார்த்தால் மனசு விமானம் ஏறிவிடும். கணக்கு தப்புவதும் அங்கேதான்.

'துபாய் ஆசிரியர் சம்பளம்' என்று தேடினால் வரும் சராசரியில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளும் கலந்திருக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அவற்றைவிட மிகக் குறைவாகவே தரும். அதே பாடத்திட்டம், அதே ஊர் என்று பார்த்து ஒப்பிடுங்கள். துபாய்க்கு அருகிலுள்ள அஜ்மானில் வாடகை மலிவு என்று அங்கே தங்கி துபாய்க்குப் போய்வந்தால், மிச்சமாவதில் ஒரு பங்கைப் பயணம் தின்றுவிடும்.

அடுத்தது பேசிக், அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம். பலர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகள்வரை ஆண்டுக்கு 21 நாள் பேசிக் சம்பளம் கிராஜுவிட்டி, வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை. 3,500-இல் பேசிக் 1,500 மட்டும், மீதி அலவன்ஸ் என்றால் ஆண்டுக்கு 1,050 திர்ஹாம்தான். முழுத் தொகையும் பேசிக் என்றால் 2,450. ஐந்து ஆண்டில் வித்தியாசம் 7,000 திர்ஹாம், அதாவது 1,68,000 ரூபாய். அலவன்ஸ் என்ற பெயரில் பள்ளி மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பத்து மாதம்தான் என்றால் 3,500 என்பது மாதம் 2,917 ஆகிவிடும்.

குடும்பத்தை அமீரகத்துக்கு அழைக்க 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000-உடன் தங்குமிடம் வேண்டும். வீடு தராத பள்ளியில் 3,500 வாங்குபவருக்கு அங்கே ஒரு பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில்), இங்கே ஒரு குடித்தனம் என இரட்டைச் செலவு.

மாலத்தீவு என்றால் சம்பளம் ரூஃபியாவிலா டாலரிலா என்று கேளுங்கள். ரூஃபியா என்றால் ஊருக்கு அனுப்ப டாலராக மாற்ற வேண்டும்; அதிகாரபூர்வ விலை டாலருக்கு 15.42 ரூஃபியா, அந்த விலைக்கு வேண்டிய அளவு டாலர் கிடைப்பது கஷ்டம்.

உள்ளூர்ச் சம்பளத்தையும் குறைத்து மதிக்காதீர்கள். சொந்த வீட்டின் வாடகை மிச்சம், நிர்வாகம் கட்டும் பி.எஃப். பங்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, மூன்றுக்கும் விலை போடுங்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட் கட்டணமாக வாங்கலாம் என்று அரசு வைத்த உச்சம் 30,000 ரூபாய், 18% ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. இரண்டு வருட ஒப்பந்தத்தில் இதுவே மாதம் 1,475 ரூபாய். சான்றிதழ் அட்டெஸ்டேஷன் (சான்றொப்பம்) செலவையும் இதேபோல் 24 மாதத்தால் வகுத்து, சம்பளத்தில் கழித்த பிறகு ஒப்பிடுங்கள். ரசீது தராத ஏஜென்ட்டிடம் கணக்குப் பார்க்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.