விக்டோரியா காலப் பாணியில் கலகலப்பான நாவல்: எங்கே சறுக்குகிறார்கள்?

விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்து ஆங்கில நாவலின் தோரணையில் இன்று ஒரு நகைச்சுவை நாவல் எழுதிப் பார்க்கப் பலருக்கும் ஆசை இருக்கிறது. சொத்துத் தகராறு, மகளுக்கு வரன் தேடும் அம்மா, கடனில் மாட்டிய பாதிரியார், எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லும் கதைசொல்லி என்று சரக்கெல்லாம் கையில் தயாராகவே இருக்கிறது. ஆனாலும் முதல் முயற்சிகள் பெரும்பாலும் மாறுவேடப் போட்டி போல ஆகிவிடுகின்றன.

என் பார்வையில் பெரிய தவறு, அந்தக் காலத்துக் கட்டுப்பாடுகளைக் கேலி செய்தால் போதும், நகைச்சுவை வந்துவிடும் என்று நம்புவது. கதாநாயகி முதல் அத்தியாயத்திலேயே இடுப்பை இறுக்கும் கார்செட்டைக் கழற்றி எறிகிறாள், அத்தையை எதிர்த்துப் பேசுகிறாள், துணையில்லாமல் லண்டனுக்கு ரயிலேறுகிறாள். ஊர் ஒன்றும் பேசுவதில்லை, பார்த்து வைத்த வரனும் கைநழுவிப் போவதில்லை. சரி, அப்புறம் கதை எங்கிருந்து வரும்? ஒரு விதியை மீறினால் என்ன பறிபோகும் என்ற பயம் பாத்திரங்களுக்கு இருந்தால்தான் வாசகருக்குச் சிரிப்பு வரும். பாத்திரங்கள் சிரிக்கக் கூடாது. அவர்களுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை.

இதை மிக அழகாகச் செய்த ஒரு நாவல், ஜோ வால்டன் 2003இல் வெளியிட்ட 'டூத் அண்ட் க்ளா'. விக்டோரியா கால நாவலாசிரியர் ஆந்தனி டிராலப்பின் பாணியில் ஒரு குடும்பக் கதை. ஆனால் பாத்திரங்கள் எல்லாம் டிராகன்கள். விக்டோரியா கால நாவல்கள் மனித இயல்பு என்று சாதித்தவற்றை அவர் டிராகன்களின் உடற்கூறாகவே ஆக்கிவிட்டார். மணமாகாத பெண் டிராகனை ஒரு ஆண் நெருங்கினால் அவளுடைய செதில்கள் இளஞ்சிவப்பாக மாறிவிடும். மானம் போனது எல்லோருக்கும் கண்ணால் தெரியும். அப்பா இறந்தால் வாரிசுகள் அவர் உடலைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள், யாருக்கு எவ்வளவு என்ற வழக்கு நீதிமன்றம் வரை போகும். இவ்வளவையும் ஒரு கண்சிமிட்டல்கூட இல்லாமல் சொல்வதால்தான் அது எடுபடுகிறது.

அடுத்தது பணமும் சட்டமும். இதில்தான் அதிகம் பேர் ஏமாந்துபோகிறார்கள். விக்டோரியா காலம் என்பது 63 வருடம். அதற்குள் சட்டம் பலமுறை மாறியது. உங்கள் கதை 1865இல் இங்கிலாந்தில் நடந்தால், கல்யாணமானதும் பெண்ணின் ரொக்கமும் நகையும் கணவனுக்குப் போய்விடும். அதனால்தான் வசதியான அப்பாக்கள் வக்கீலை வைத்துச் சொத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகே மகளைக் கொடுத்தார்கள். 1870இல் வந்த சட்டம் மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே விட்டது. 1882இல் வந்தது சொத்து முழுவதையும் அவள் பெயரிலேயே இருக்கவிட்டது. ஆக, 1865இல் பணக்காரப் பெண்ணைச் சுற்றிவரும் மாப்பிள்ளையும் 1884இல் சுற்றிவருகிறவனும் ஒரே மாதிரி நடந்துகொள்ள முடியாது. பின்னவன் கல்யாணத்துக்குப் பிறகும் குழைய வேண்டியிருக்கும். வருடத்தை முடிவு செய்யாமல் எழுத உட்காராதீர்கள்.

இந்தச் சட்டங்களுக்குள் நகைச்சுவையும் கொட்டிக் கிடக்கிறது. மனைவி இறந்த பிறகு அவள் தங்கையைக் கட்டுவது நம் ஊரில் சாதாரணம். இங்கிலாந்தில் 1835இல் வந்த ஒரு சட்டத்தின்படி அப்படிப்பட்ட திருமணம் செல்லாது. தடை விலக 1907 ஆனது. இடையில் பாராளுமன்றத்தில் மசோதா திரும்பத் திரும்ப வந்து தோற்றது. 1882இல் கில்பர்ட்டும் சல்லிவனும் மேடையேற்றிய 'அயலாந்தி' இசை நாடகத்திலேயே அதற்கு ஒரு கிண்டல் உண்டு. ஆனால் மாமன் மகனைக் கட்டத் தடையே இல்லை. மகாராணியே 1840இல் கட்டியது தாய்மாமன் மகன் ஆல்பர்ட்டைத்தான்! மச்சினியை விரும்பிவிட்டுத் தவிக்கும் மனைவியை இழந்த ஒரு மரியாதையான மனிதரை வைத்து ஒரு நாவலே எழுதலாம்.

மொழிக்கு வருவோம். நீள நீளமான வாக்கியமும் கடினமான சொற்களும் இருந்தால் அந்தக் கால வாசனை வந்துவிடும் என்பது தவறான எண்ணம். ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' 1889இல் வந்தது. அதன் பேச்சுவழக்கு நடைக்காகவே அன்றைய விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். நீளமான வாக்கியத்துக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். அற்ப விஷயத்தை மகா கம்பீரமாகத் தூக்கிக்கொண்டு போய் கடைசிச் சொல்லில் கீழே போடுவதுதான் அந்த வேலை.

கதைசொல்லி விஷயத்தில் டிராலப்பைப் பாருங்கள். 1857இல் வந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' நாவலில், கதை பாதியைத் தொடும் முன்பே குறுக்கே வந்து, கவலைப்படாதீர்கள், நாயகி இந்த ஆளைக் கட்டப்போவதில்லை என்று வாசகரிடம் சொல்லிவிடுகிறார். சஸ்பென்ஸைக் கெடுக்கும் துணிச்சல் அது. அதன் பிறகு யார் எப்படி அசடு வழிகிறார்கள் என்று நிம்மதியாக வேடிக்கை பார்க்கலாம். நம்மவர்கள் "அன்பார்ந்த வாசகரே" என்று பக்கத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்களே தவிர, சொல்வதற்கு எதுவும் வைத்திருப்பதில்லை. தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல், அதே மகாராணியின் ஆட்சியில் வந்தது. கதையை நிறுத்திவிட்டு வேறு கதைக்குத் தாவும் அந்தக் குரலை ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டு எழுதுங்கள்.

பக்க எண்ணிக்கையைக் காப்பியடிக்க வேண்டாம். அன்று நாவல்கள் மூன்று தொகுதிகளாக 31 ஷில்லிங் 6 பென்ஸுக்கு விற்றன. வாங்க முடியாதவர்கள் மியூடி போன்ற வாடகை நூலகத்தில் சந்தா கட்டித் தொகுதி தொகுதியாக எடுத்தார்கள். நீளம் வியாபாரத்துக்குத் தேவைப்பட்டது. உங்களுக்குத் தேவையில்லை. நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1817லேயே, விக்டோரியா அரியணை ஏறும் முன்பே, இறந்துவிட்டார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய நடன அரங்குகளையும் டிராலப்பின் ரயில் நிலையங்களையும் ஒரே கதையில் கலப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, பட்டங்கள். ஜார்ஜ் ஹார்ட்லி என்பவருக்குச் சர் பட்டம் கிடைத்தால் அவர் 'சர் ஜார்ஜ்'. 'சர் ஹார்ட்லி' என்று எழுதினால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். அவர் மனைவி 'லேடி ஹார்ட்லி'. ஆனால் ஒரு ஏர்ல் பிரபுவின் மகள் மேரி, பிறப்பாலேயே 'லேடி மேரி'. இந்த இரண்டு லேடிகளையும் ஒரே விருந்துக்கு அழைத்து, சாப்பாட்டு அறைக்குள் யார் முதலில் நுழைவது என்று குழப்பிவிட்டால், ஒரு முழு அத்தியாயம் ஓடும்.