ஊர் பேஸ்கட்பால் கிளப்பின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி: மதுரை வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

மதுரை, பெரியகுளம், திண்டுக்கல் பக்கம் பழைய கூடைப்பந்து கிளப்புகள் பலவற்றுக்கு எழுதப்பட்ட வரலாறு கிடையாது. வெள்ளி விழாவோ பொன் விழாவோ வரும்போது அவசரமாக ஒரு மலர் போடுவார்கள். அதில் பாதிப் பக்கம் வாழ்த்துச் செய்தி, மீதிப் பாதி விளம்பரம். யார் ஆடினார்கள், எதிரணி எது, என்ன ஸ்கோர் என்பதைத் தேடினால் கிடைக்காது. அதை முறையாகத் தொகுக்க நினைப்பவர்களுக்கு இது.

ஒரே ஒரு விதியை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு ஆண்டுக்கும் இரண்டு தனித்தனிச் சான்று வேண்டும், அதில் ஒன்றாவது காகிதமாக இருக்க வேண்டும். மலரில் உள்ளதையே செயலாளரும் சொல்கிறார் என்றால் அது இரண்டு சான்று ஆகாது. அவரே அந்த மலரைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறார்.

காகிதத்தில் முதலில் தேட வேண்டியது ஸ்கோர் ஷீட். உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் முறைப்படி வெள்ளைத் தாளும் நீலத் தாளும் போட்டி நடத்துபவர்களுக்குப் போகும், இளஞ்சிவப்பு ஜெயித்த அணிக்கு, மஞ்சள் தோற்ற அணிக்கு. அதனால் கிளப்பின் பீரோவில் மஞ்சள் தாள் நிறையக் கிடந்தால் குறையாக நினைக்க வேண்டாம். தோற்ற ஆட்டங்களைப் பற்றி வேறு எவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். மஞ்சள் கடைசி கார்பன் பிரதி என்பதால் எழுத்து மங்கியிருக்கும். ஜன்னலோர வெளிச்சத்தில், தாளுக்குக் கீழே ஒரு கறுப்பு அட்டையை வைத்துப் போட்டோ எடுத்தால் பேனா அழுத்திய தடம் தெரியும்.

ஷீட்டை முழுமையாகப் படியுங்கள். பெயருக்கு எதிரே ‘X’ போட்டு வட்டமிட்டிருந்தால் அவர் முதல் ஐவரில் ஒருவர். வட்டம் இல்லாத ‘X’ என்றால் இடையில் இறங்கியவர். ஓடும் ஸ்கோர் பத்தியில் சாய்கோடு ஃபீல்டு கோல் (ஆட்டத்தின் ஓட்டத்தில் போட்ட கூடை), கறுப்புப் புள்ளி ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைத்த தனி வீச்சு), வட்டமிட்ட ஜெர்சி எண் மூன்று புள்ளி கூடை. இப்படிக் கூட்டினால் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது நாற்பது வருடம் கழித்தும் கிடைத்துவிடும். பத்திரிகைச் செய்தியில் இந்த விவரம் அனேகமாக இருக்காது.

தேதி இல்லாத தாளும் போட்டோவும்தான் பெரிய தலைவலி. விதி மாற்றங்கள் இங்கே கை கொடுக்கும். மூன்று புள்ளிக் கோடு ஃபிபா விதியில் வந்தது 1984-ல், கூடையிலிருந்து தூரம் 6.25 மீட்டர். 2010-ல் அது 6.75 மீட்டர் ஆனது. அதே ஆண்டில் ரிங்குக்குக் கீழே விரிந்து நிற்கும் சரிவகப் பகுதி செவ்வகமாக மாறியது. ஆட்டம் தலா 20 நிமிடம் இரண்டு பாதியாக இருந்தது, 2000-ல் தலா 10 நிமிடம் நான்கு கால்பகுதியானது. ஜெர்சி எண் 4 முதல் 15 வரை என்ற வழக்கம் 2014-ல் தளர்ந்தது. இரட்டை நிறப் பந்து 2004-ஐ ஒட்டிப் பரவியது, பெண்களுக்குச் சிறிய 6-ம் எண் பந்து வந்ததும் அப்போதுதான்.

ஆனால் இந்த அடையாளங்கள் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சாட்சி சொல்லும். மூன்று புள்ளிக் கோடு தெரிந்தால் அந்தப் படம் 1984-க்குப் பிந்தியது என்பது உறுதி. கோடு தெரியவில்லை என்பதால் முந்தியது என்று முடிவு கட்டக் கூடாது. விதி மாறி வருடக்கணக்கில் பழைய பெயின்டோடு கிடக்கும் பள்ளி மைதானங்கள் உண்டு. மண் தரையில் சுண்ணாம்புக் கோடு என்றால் முதல் பாதியிலேயே காலடி பட்டு அழிந்திருக்கும்.

லெட்டர்பேடும் நோட்டீசும் ஆண்டைச் சொல்லும். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ‘பெரியகுளம், மதுரை மாவட்டம்’ என்று அச்சிட்டிருந்தால் தேனி மாவட்டம் பிறந்த 1996-97-க்கு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். திண்டுக்கல் பிரிந்தது 1985-ல். ‘மதராஸ் மாநிலம்’ என்று கண்டால் 1969-க்கு முன்னால் போங்கள். மலரில் தும்பிக்கை போட்ட பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தை நினையுங்கள். சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை அதற்கப்புறமும் வைத்திருந்தன என்பதால் அதை மட்டும் நம்பி ஆண்டு போட வேண்டாம்.

போட்டி எண்ணிக்கையில் வழுக்காதவர்கள் குறைவு. 1984-ல் 25-ம் ஆண்டுப் போட்டி என்றால் முதல் போட்டி 1960, அதுவும் இடையில் ஒரு வருடமும் விடுபடாமல் இருந்தால். 1959 என்று எழுதிவிடுவார்கள். பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி போல நீண்ட தொடர்களுக்கு, ஆண்டு ஒரு பத்தி, போட்டி எண் ஒரு பத்தி, சான்று ஒரு பத்தி என்று அட்டவணை போடுங்கள். கரோனா காலம் மாதிரி விடுபட்ட இடம் தானாகத் தெரியும்.

கிளப் தொடங்கிய ஆண்டும் அப்படித்தான். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கப் பதிவின் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம். பதிவு எண்ணோடு ஆண்டும் இருக்கும், முதல் நிர்வாகிகள் பெயரும் விலாசமும் இருக்கும். ஆனால் அது பதிவான ஆண்டு. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே பையன்கள் பள்ளி மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

சுழற்கோப்பைகளை மறக்காதீர்கள். அடிப்பீடத்தில் ஆண்டுக்கு ஒரு சின்னத் தகடு, வென்ற அணியின் பெயரோடு. புளி போட்டுத் தேய்த்தால் செதுக்கிய எழுத்தும் சேர்ந்து தேயும். ஈரமில்லாத துணியால் தூசி தட்டி, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். தகடு கழன்று, ஆணி ஓட்டை மட்டும் மிஞ்சியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு ஆண்டு இருந்தது.

இந்த வட்டாரத்தில் பேஸ்கட்பாலில் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதாத வரலாறு அரைகுறை. ஊர் கிளப் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் தரும் வழக்கம் இங்கே இல்லை. அவருக்குக் கிடைத்தது பயணப்படி, சாப்பாடு, பரிசுப் பணத்தில் பங்கு. சம்பளத்தோடு ஆடுவது என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கி, ரயில்வே, ராணுவம் என்று வேலைக்குப் போவதுதான். ஆகவே ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எந்த ஆண்டில் எந்தத் துறை அணி என்று ஒரு வரி எழுதுங்கள். நூறு பேருக்கு எழுதி முடித்தால் அந்தக் கிளப் ஊருக்கு என்ன செய்தது என்பது அந்தப் பட்டியலிலேயே விளங்கும். வரவு செலவு நோட்டில் நடுவர் பேட்டா, சவுக்குக் கம்பு காலரி, ஜெனரேட்டர் வாடகை, வெளியூர் அணிகள் தங்கிய கல்யாண மண்டபம் எல்லாம் தேதியோடு இருக்கும். ‘செலவு’ பக்கத்தில் சிமெண்டு மூட்டை வந்த மாதம்தான் மண் தரை போன மாதம்.

பேட்டிக்குப் போகும் முன் இத்தனையும் கையில் இருக்க வேண்டும். பெரியவர்களிடம் “அய்யா, அந்த பைனல் எந்த வருசம்?” என்று கேட்டால் ஏதாவது ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார்கள். “மதுரையில உலகத் தமிழ் மாநாடு நடந்துச்சுல்ல, அதுக்கு முந்தியா பிந்தியா?” என்று கேளுங்கள். அது 1981 ஜனவரி. “எம்.ஜி.ஆர். இறந்த வருசம் நீங்க டீம்ல இருந்தீங்களா?” என்றால் 1987 டிசம்பர் பிடிபடும். போட்டோவையோ ஷீட்டையோ கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள், மேல் வரிசையில் நிற்பவர்களின் பட்டப்பெயர் ஒவ்வொன்றாக வரும். பட்டப்பெயரோடு இனிஷியலையும் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் ஆடியிருப்பார்கள். பெண்கள் அணியைப் பற்றித் தனியாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளி பி.டி. டீச்சர்களிடமிருந்து ஆரம்பிப்பது நல்லது.

ஸ்கேன் செய்யும்போது போட்டோவுக்கு 600 டி.பி.ஐ., தாளுக்கு 300 போதும். கோப்பின் பெயரை 1981-05-14 என்று ஆண்டு-மாதம்-நாளாகத் தொடங்கினால் வரிசை தானாக அமையும், தெரியாத இடத்தில் 00 போடுங்கள். போட்டோவின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். ஒட்டும் ஆல்பத்தில் இருப்பதைப் பிய்த்தால் படம் கிழியும், பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். கிழிந்த தாளுக்கு செல்லோ டேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் வேண்டவே வேண்டாம், இரண்டையும் பிறகு சரிசெய்ய முடியாது. மூலங்களை ஐப்பசி மழைக்கு முன்பே தரையிலிருந்து மேலே, சுவரில் ஒட்டாத பீரோவுக்கு மாற்றுங்கள்.

அச்சுக்குப் போகும் முன் பெயர்ப் பட்டியலை மட்டும் தனியாக எடுத்துப் பழைய ஆட்டக்காரர்களிடம் சுற்றுக்கு விடுங்கள். சாதி, கடன், கிளப் உடைந்த சண்டை இவற்றில் பேட்டி கொடுத்தவரின் சம்மதம் இல்லாத வரி ஒன்றும் போகக் கூடாது. அச்சானதும், 1954 நூல் வழங்கல் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள், ஸ்கேன் கோப்புகள் அடங்கிய பென் டிரைவையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.