ஒரே பெயர், வேறு பானம்: உள்ளூர், வெளிநாட்டு எனர்ஜி டிரிங்குகளை ஒப்பிடுவோர் செய்யும் தவறுகள்

மலேசியாவின் ஜோகூர் பாருவில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் விடுமுறைக்குச் சேலம் வந்திருந்தபோது, எங்கள் அஸ்தம்பட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு டின்களை அருகருகே வைத்தான். ஒன்று தெருமுனைக் கடையில் வாங்கிய, நீலமும் வெள்ளியும் கலந்த ரெட் புல். மற்றொன்று அவன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்த, தங்க நிற ரெட் புல். "ரெண்டும் ஒண்ணுதானே சித்தப்பா, டின்னு கலர்தானே வேற?" என்று கேட்டான். இரண்டையும் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றச் சொன்னேன். நீல டின்னிலிருந்து விழுந்தது நுரைத்துப் பொங்கி, குமிழிகள் மேலேறும் சோடா போல் நின்றது. தங்க டின்னிலிருந்து விழுந்ததில் ஒரு குமிழியும் இல்லை. பாகு போலச் சற்றே கனத்து, இருமல் மருந்தை நினைவூட்டும் இனிப்போடு இருந்தது. பெயரும் ஒன்றே, மோதிக்கொள்ளும் சிவப்பு எருதுகளின் படமும் ஒன்றே. ஆனால் டம்ளருக்குள் இருந்தவை இரண்டு வேறு பானங்கள்.

வெளிநாட்டில் வேலைக்கும் படிப்புக்கும் போயிருக்கும் நம் பிள்ளைகள் இந்தப் பானங்களை ஒப்பிடும்போது செய்யும் முதல் தவறு இதுதான்: பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது. ரெட் புல்லின் பிறப்பிடம் ஐரோப்பா அன்று, தாய்லாந்து. அங்கே சலியோ யூவித்யா என்பவர் 1970-களில் 'கிராதிங் டேங்' என்ற பெயரில் ஒரு பானத்தை விற்கத் தொடங்கினார். 'கிராதிங்' என்பது காட்டெருமையைக் குறிக்கும் தாய் மொழிச் சொல். நம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில நேரம் இறங்கி வரும் அதே இனந்தான். 'டேங்' என்றால் சிவப்பு. சிறு கண்ணாடிப் புட்டியில் வந்த அந்தப் பானத்தை லாரி ஓட்டுநர்களும் கூலி வேலை செய்வோரும் விரும்பிக் குடித்தார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த டீட்ரிஷ் மாட்டெஷிட்ஸ் அதைச் சுவைத்துப் பார்த்து, சலியோவுடன் கூட்டுச் சேர்ந்து, காற்றடைத்து, சுவையை மாற்றி 1987-இல் தன் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆகவே, மலேசியாவில் இருப்பவர் உள்ளூர்ச் சரக்கு என்று குறைவாக மதிக்கும் தங்க டின்தான் மூல வடிவத்துக்கு நெருக்கமானது. அசல் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் நீல டின் அதிலிருந்து பிறந்த மாற்று வடிவம். எது உள்ளூர், எது இறக்குமதி என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதால், அந்த இரு சொற்களை வைத்துத் தரத்தை அளக்கவே முடியாது.

நாட்டுக்கு நாடு சட்டமும் கலவையை மாற்றுகிறது. ஜப்பானில் டாரின் என்ற அமினோ அமிலம் சேர்த்த ஊக்கப் பானங்கள் மருந்தை ஒட்டிய தனி வகையில் வருவதால், அங்கே சாதாரணக் குளிர்பானமாக விற்கப்படும் ரெட் புல்லில் டாரினுக்குப் பதிலாக ஆர்ஜினின் என்ற வேறொரு அமினோ அமிலத்தைச் சேர்க்கிறார்கள். பிரான்ஸ் நாடு டாரின் குறித்த ஐயத்தால் 2008 வரை இந்தப் பானத்தைத் தன் கடைகளில் அனுமதிக்கவில்லை. டோக்கியோவில் குடித்தபோது உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்பதால் துபாயிலும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாததற்கு இதுவே போதுமான காரணம்.

இரண்டாவது தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பெரும்பாலோர் ஒரு டின்னை இன்னொரு டின்னோடு ஒப்பிடுகிறார்கள். அதற்குள் இருக்கும் காஃபினை ஒப்பிடுவதில்லை. இந்தப் பானங்களில் வேலை செய்யும் பொருள் முதன்மையாகக் காஃபின்தான். அதை இரண்டு எண்களாகப் பார்க்க வேண்டும்: 100 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், டின் முழுவதற்கும் எத்தனை மில்லிகிராம். ஐரோப்பிய ரெட் புல்லில் 100 மில்லிக்கு 32 மில்லிகிராம். 250 மில்லி டின்னில் 80. அதே 32 மில்லிகிராம் அடர்த்தியோடு அங்கே விற்கப்படும் மான்ஸ்டர் 500 மில்லி டின்னில் வருவதால், அதைக் குடித்து முடிக்கும்போது உடம்பில் இறங்குவது 160 மில்லிகிராம். அடர்த்தியை மட்டும் பார்த்தவர் இரண்டும் சமம் என்பார். டின்னை மட்டும் பார்த்தவர் மான்ஸ்டர் இரு மடங்கு காட்டமானது என்பார். இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

இந்தியாவில் இவ்வகைப் பானங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் லிட்டருக்குக் குறைந்தது 145, அதிகபட்சம் 300 மில்லிகிராம் காஃபின் என்று 2016-இல் வரம்பு வகுத்தது. அந்தக் கணக்கில் 250 மில்லி டின்னில் 75 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவில் மேல் வரம்பு லிட்டருக்கு 320. அமெரிக்காவில் இத்தகைய பானங்களுக்கென்று தனி மேல் வரம்பு இல்லை. காஃபின் அளவைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்ற விதியும் இல்லை, பல நிறுவனங்கள் தாமாகவே அச்சிடுகின்றன. அங்கே 355 மில்லி டின்னில் 200 மில்லிகிராமும், 473 மில்லி டின்னில் 300 மில்லிகிராமும் கொண்டவை சாதாரணக் கடை அலமாரியிலேயே கிடைக்கும். அளவையும் அவுன்ஸில்தான் பெரிதாக எழுதியிருப்பார்கள். 16 அவுன்ஸ் என்பது நம் கணக்கில் 473 மில்லி.

இதன் விளைவை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் நண்பரின் உறவினர் அமெரிக்காவிலிருந்து வரும்போது சில டின்கள் கொண்டுவந்தார். நண்பரின் ஓட்டுநர், இரவு ஓட்டத்துக்கு முன் இருபது ரூபாய் புட்டி ஒன்றைக் குடித்துவிட்டுப் புறப்படும் பழக்கமுள்ளவர். அன்று அதற்குப் பதிலாக அந்தப் பெரிய டின்னைத் திறந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அவர் மனதில் இரண்டும் ஒரு வேளைக் குடிப்புதான். ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, தொப்பூர்க் கணவாய்க்கு முன்பே வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்து, விடியும் வரை வண்டியை எடுக்காமல் இருந்ததால் தப்பித்தார். மறுநாள் அந்தக் காலி டின்னை நான் வாங்கிப் பார்த்தபோது, பின்பக்க ஓரத்தில் நெல்மணி அளவு எழுத்தில் 300 மில்லிகிராம் என்று இருந்தது. அவர் வழக்கமாகக் குடித்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரே நேரத்தில் 200, ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறியது. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200 தான். இந்த இரண்டு எண்களை மனதில் வைத்திருந்தால் எந்த நாட்டு டின்னையும் நொடியில் எடைபோடலாம்.

ஒரே பெயர் ஒரே காஃபினைக்கூடக் குறிக்காது என்பதற்கு இளைஞர்கள் நன்கறிந்த பிரைம் ஓர் எடுத்துக்காட்டு. பிரைம் எனர்ஜியின் அமெரிக்க டின்னில் 200 மில்லிகிராம். பிரிட்டனில் விற்கப்படுவதில் 140. ஒரு டின்னுக்கு 180 மில்லிகிராம் என்று வரம்புள்ள கனடாவில், 2023-இல் அமெரிக்க வடிவத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் செய்தார்கள். அதே நிறுவனத்தின் பிரைம் ஹைட்ரேஷனில் காஃபினே கிடையாது. பெயரின் இரண்டாவது சொல்லைக் கவனிக்காமல் பத்து வயதுப் பிள்ளைக்கு எனர்ஜியை வாங்கிக் கொடுத்துவிடும் பெற்றோர் மீது கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அட்டைப்பெட்டி அலங்காரம் அப்படி.

'எனர்ஜி' என்ற சொல்லே இன்னொரு குழப்பத்துக்கு வித்திடுகிறது. பின்பக்கப் பட்டியலில் 'எனர்ஜி' என்று இருப்பது கலோரியைக் குறிக்கிறது. தூக்கத்தை விரட்டும் வேகத்தை அன்று. சர்க்கரையில்லா டின்னில் அந்த எண் மிகச் சிறியதாக இருக்கும்; காஃபின் மட்டும் குறையாது. அதேபோல், ஆஸ்திரேலியாவில் கிலோஜூலில் எழுதுவார்கள். 110 கிலோகலோரியும் 460 கிலோஜூலும் ஒரே அளவுதான் என்பது தெரியாமல், ஆஸ்திரேலிய டின் நான்கு மடங்கு சத்துள்ளது என்று என்னிடம் வாதிட்டவர் உண்டு. சர்க்கரையையும் இப்படியே டின் கணக்கில் பார்க்க வேண்டும். 100 மில்லிக்கு 11 கிராம் என்றால் 250 மில்லியில் ஏறத்தாழ 27 கிராம், 500 மில்லியில் 55 கிராம். பிரிட்டனில் 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி வந்தபின் பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்து இனிப்பூட்டிகளைச் சேர்த்தன. எனவே, நீரிழிவு உள்ளவர்கள் ஒரு நாட்டு டின்னில் படித்த சர்க்கரை அளவை இன்னொரு நாட்டு டின்னுக்குப் பொருத்திப் பார்க்கவே கூடாது.

வகை மாற்றி ஒப்பிடுவதும் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம்மவர்கள் விரும்பிக் குடிக்கும் 100 பிளஸ், 1983-இல் வந்த ஐசோடானிக் பானம். வியர்வையில் இழந்த உப்பையும் நீரையும் ஈடுசெய்ய உருவானது. அதைக் குடித்துத் தூக்கம் போகவில்லையே என்று குறை சொல்வது பொருளற்றது. நம் நாட்டிலும் பால், தானியம், மால்ட் கலந்த பானங்களை இணையக் கடைகள் 'ஹெல்த் டிரிங்க்', 'எனர்ஜி டிரிங்க்' என்ற தலைப்பின்கீழ் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

விலையை வைத்துத் தரத்தை முடிவுசெய்வது வளைகுடாவிலிருந்து வருவோரிடம் அதிகம் காணப்படுகிறது. சவூதியும் ஐக்கிய அரபு அமீரகமும் 2017-இல் எனர்ஜி டிரிங்குகள் மீது நூறு விழுக்காடு கலால் வரி விதித்தன. இவற்றை மக்கள் குறைவாகக் குடிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த வரியால் ஏறிய விலையைப் பார்த்து, அங்கே விற்பது உயர்ந்த சரக்கு என்று ஊருக்கு வாங்கி வருவது, அபராதச் சீட்டைப் பாராட்டுச் சான்றிதழாக மாட்டி வைப்பதற்கு ஒப்பாகும். சேலத்துக் கடைகளில் இறக்குமதி டின் வாங்கும்போது, விலை எவ்வளவு என்பதைவிட, இறக்குமதி செய்தவரின் பெயர், உணவுப் பாதுகாப்பு உரிம எண், அதிகபட்ச விலை ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். சீட்டு இல்லையென்றால் அது யாருடைய பெட்டியில், எந்த வெயிலில் கிடந்து வந்தது என்று அறிய வழியில்லை. தேதியையும் நாடறிந்து படிக்க வேண்டும்: அமெரிக்க டின்னில் 03/07 என்றால் மார்ச் 7, நம் வழக்கில் அது ஜூலை 3.

எச்சரிக்கை வாசகம் இல்லாத டின் மென்மையானது என்ற எண்ணமும் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினாலே எச்சரிக்கை கட்டாயம். போலந்து 2024 ஜனவரி முதல் 18 வயதுக்குக் கீழுள்ளோருக்கு இவற்றை விற்பதையே தடை செய்தது. லிதுவேனியா 2014-லேயே செய்தது. நம் நாட்டில் ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும், குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு ஏற்றதன்று என்றும் டின்னிலேயே எழுத வேண்டும். ஒரு நாட்டில் இல்லாத வாசகம் அந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறதேயன்றி, பானத்தின் தன்மையைச் சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று. காப்பியிலும் இதே காஃபின்தான் இருக்கிறது என்பதை, காப்பி மலையின் அடிவாரத்தில் வாழும் நாம் மறப்பது எனக்கு வியப்பளிக்கிறது. சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பியை நட்டதிலிருந்து இந்த மாவட்டத்துக்குக் காஃபின் புதிதல்ல. சேர்வராயன் மலையில் விளையும் அராபிகா கொட்டையில் எடைக்கு ஏறத்தாழ 1.2 விழுக்காடு காஃபின். ரொபஸ்டாவில் அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பத்து கிராம் தூய அராபிகாப் பொடியில் 120 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், அதில் பெரும்பகுதி டிகாக்‌ஷனில் இறங்கிவிடும்; சிக்கரி கலந்தால், கலந்த அளவுக்கு ஏற்பக் குறையும். டின்களை மட்டும் ஒப்பிட்டு, இது குறைவு என்று தேர்ந்தெடுத்தவர், அதற்கு முன்பே இரண்டு டபரா காப்பி குடித்திருந்தால் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை. 'இயற்கைக் காஃபின்', 'குவாரானா' என்று டின்னில் பெருமையாக எழுதியிருந்தாலும், குவாரானா விதையில் இருப்பதும் இதே காஃபின்தான். உடம்புக்கு வேறுபாடு தெரியாது. உட்கொண்டதில் பாதி கழியவே பெரும்பாலோருக்கு ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், மாலை ஆறு மணிக் காப்பியில் பாதி, இரவு பதினொரு மணிக்குத் திறக்கும் டின்னோடு சேர்ந்துகொள்கிறது.

அண்ணன் மகன் ஊருக்குத் திரும்பிய பின், புதிய டின் எதைப் பார்த்தாலும் அதன் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். சென்ற வாரம் வந்த படத்தின் கீழே, நான் கேட்பதற்கு முன்பாகவே, அளவையும் அடர்த்தியையும் பெருக்கி எழுதியிருந்தான்: "160 வருது சித்தப்பா. காலையில ரெண்டு காப்பி ஆச்சு. பாதிதான் குடிச்சேன்."