கிம்ப் 3-இல் மூலப்படம் கெடாமல் திருத்துவது: மின்கம்பியை மறைத்து, நிழலைத் தூக்குவோம்

பொழுது சாயும் நேரத்தில் எடுத்த கோபுரப் படம். வானம் பளிச்சென்று இருக்கிறது, கோபுரத்தின் கீழ்நிலைகள் இருட்டில் கிடக்கின்றன, குறுக்கே ஒரு மின்கம்பி. கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில், வானம் வெளுத்துவிடாமல் நிழலைத் தூக்கி, கம்பியை மறைக்கப் போகிறோம். ஆனால் ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் நிழல் எவ்வளவு தூக்கப்பட்டது, கம்பி எங்கே மறைந்தது என்று ஒவ்வொன்றையும் தனியாக மாற்ற முடிய வேண்டும். "செய்ததைத் திரும்பப்பெற கண்ட்ரோல் இசட் இருக்கிறதே" என்று நம்ப வேண்டாம். கோப்பை மூடியதும் அந்த வரலாறு போய்விடும், கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பில்கூட அது சேமிக்கப்படுவதில்லை.

கிம்ப் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். 2025 மார்ச்சில் வந்த 3.0-இல்தான் ஃபில்டர்கள் (வெளிச்சம், கூர்மை போன்ற மாற்றங்கள்) படத்தில் கரையாமல் லேயரின் (படத்தின் ஓர் அடுக்கு) மேல் தனியாக நிற்கத் தொடங்கின. 2.10-இல் இது கிடையாது. 3-இல் ஃபில்டரோடு சேமித்த கோப்பை 2.10 திறக்கவும் திறக்காது. நண்பருக்கு அனுப்பும் முன் அவரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தைத் திறந்தவுடன் கண்ட்ரோல் எஸ் அழுத்தி எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிறகு லேயர் பேனலில் புதிய லேயர் குரூப் ஒன்றைத் தொடங்கி, படத்தின் லேயரை அதற்குள் இழுத்துப் போடுங்கள். குரூப்பின் மோடு நார்மலாகவே இருக்கட்டும். குரூப்புக்குள், படத்துக்கு மேலே, டிரான்ஸ்பரன்சி நிரப்பிய வெற்று லேயர் ஒன்றைச் சேர்த்து அதற்குக் 'கம்பி' என்று பெயர் வையுங்கள்.

குரூப் எதற்கு என்றால், ஃபில்டரைப் படத்தின் மேல் நேரடியாகப் போடாமல் குரூப்பின் மேல் போடுவதற்காக. அப்படிச் செய்தால் படமும் அதன் மேல் 'கம்பி' லேயரில் வரையப்போகும் திட்டும் ஒரே ஃபில்டருக்குள் சேர்ந்தே போகும். நாளைக்கு வெளிச்சத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் இரண்டும் ஒன்றாகவே மாறும்.

இப்போது குரூப்பைத் தேர்ந்தெடுங்கள். பழைய செலெக்ஷன் (தேர்ந்தெடுத்த பகுதி) எதுவும் மிச்சமில்லாமல் இருக்க கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ அழுத்துங்கள். செலெக்ஷன் இருந்தால் ஃபில்டர் அந்தப் பகுதியில் மட்டுமே விழும். கலர்ஸ் மெனுவில், வளைகோட்டால் வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் எடுத்து, 0 முதல் 255 வரையிலான அளவில் 64-ஐ 82-க்கு உயர்த்துங்கள். 200-இல் இன்னொரு புள்ளி வைத்து அதை அங்கேயே நிறுத்துங்கள். இரண்டாவது புள்ளி இல்லாவிட்டால் வானமும் சேர்ந்து வெளுத்துவிடும். ஓகே கொடுத்ததும் குரூப்பின் பக்கத்தில் எஃப்எக்ஸ் என்ற சிறு குறி வரும். அதைக் கிளிக் செய்தால் ஃபில்டர்களின் பட்டியல் திறக்கும். கண் குறியால் அணைக்கலாம், திருத்தலாம், வரிசை மாற்றலாம்.

தனி லேயர் ஒன்றுக்கு ஃபில்டர் போட்டும் எஃப்எக்ஸ் குறி வரவில்லையா? ஃபில்டர் பெட்டியின் அடியில் 'மெர்ஜ் ஃபில்டர்' டிக் ஆகியிருக்கும். அது டிக் ஆகியிருந்தால் ஃபில்டர் படத்தில் கரைந்துபோகும். ஓகே கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து மின்கம்பி. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள்.

ஓரிடத்தின் பிக்சலை இன்னோரிடத்தில் பதிக்கும் குளோன் கருவியை எடுத்து, அதன் ஆப்ஷனில் 'சேம்பிள் மெர்ஜ்ட்' டிக் செய்து, அலைன்மென்ட்டை 'அலைன்ட்' ஆக்குங்கள். உடனே வரையத் தொடங்கினால், கம்பி மறைந்த இடம், இருண்ட பகுதிகளில் பக்கத்தைவிட வெளுத்த கோடாகத் தெரியும். பிரஷ் கெட்டுப்போனதாக நினைத்துப் பலர் மணிக்கணக்கில் பிரஷ்ஷை மாற்றிப் பார்ப்பார்கள். பிரச்சினை அங்கே இல்லை. சேம்பிள் மெர்ஜ்ட், கண்ணுக்குத் தெரியும் படத்திலிருந்து, அதாவது கர்வ்ஸ் ஏறிய பிறகான நிறத்தை எடுக்கிறது. எடுத்த நிறத்தைக் குரூப்புக்குள் வைத்ததும் அதன் மேல் கர்வ்ஸ் மறுபடியும் ஏறுகிறது. ஒரே ஃபில்டர் இரண்டு முறை விழுவதால்தான் அந்த வெளுப்பு.

ஆகவே குளோன் செய்யும் முன் எஃப்எக்ஸ் பட்டியலில் கர்வ்ஸின் கண்ணை மூடிவிடுங்கள். குரூப்புக்கு மேலே வேறு லேயர் இருந்தால் அதையும் மறையுங்கள். வரைந்து முடித்த பிறகு திரும்ப ஏற்றுங்கள். இன்னொரு லாபம், ஃபில்டர் அணைந்திருக்கும்போது பிரஷ் திணறாமல் ஓடும்.

கம்பி 6 பிக்சல் தடிமன் என்றால் 15 பிக்சல் பிரஷ் போதும். ஓரம் கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும். 'கம்பி' லேயர் தேர்வில் இருக்கிறதா என்று பார்த்து, கம்பிக்குச் சற்று மேலே உள்ள வானத்தில் கண்ட்ரோல் கிளிக் செய்யுங்கள். பிறகு கம்பியின் ஒரு முனையில் கிளிக், மறுமுனையில் ஷிஃப்ட் கிளிக். நேர்கோடாக ஓடி மறைத்துவிடும். கம்பி தொய்ந்திருந்தால் துண்டு துண்டாகச் செய்யுங்கள். கோபுரச் சிற்பங்களின் மேல் கம்பி போகும் இடத்தில் மட்டும் பெரிதாக்கி, கையால் வரைவதே நல்லது.

கீழ்நிலைகள் இன்னும் இருட்டாக இருந்தால் கர்வ்ஸை மேலும் வளைக்காதீர்கள், படம் முழுவதும் சாம்பல் பூத்துவிடும். குரூப்புக்கு வெளியே, அதற்கு மேலே, இன்னொரு வெற்று லேயர் சேர்த்து மோடை 'சாஃப்ட் லைட்' ஆக்குங்கள். மென்மையான பெரிய பிரஷ், வெள்ளை நிறம், ஒப்பாசிட்டி 10 முதல் 15 வரை. தேவையான நிலைகளின் மேல் இரண்டு மூன்று முறை தடவுங்கள். அதிகமாகிவிட்டால் லேயரின் ஒப்பாசிட்டியைக் குறைத்தால் போதும். இதற்கு, வெளிச்சமாக்கும் டாட்ஜ் கருவி வேண்டாம் என்பேன், அது பிக்சலையே மாற்றிவிடுகிறது.

கிராப் செய்யும்போது 'டிலீட் கிராப்ட் பிக்சல்ஸ்' டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய பகுதி கேன்வாஸுக்கு வெளியே ஒளிந்திருக்கும். இமேஜ் மெனுவில் 'ஃபிட் கேன்வாஸ் டு லேயர்ஸ்' கொடுத்தால் திரும்பி வரும். அளவு குறைப்பதும் சுழற்றுவதும் அப்படியல்ல, இரண்டும் பிக்சலை மாற்றிவிடும். படம் சாய்ந்திருந்தால் எல்லாவற்றுக்கும் முன்பு ஒரே முறை நிமிர்த்திவிடுங்கள்.

இணையத்துக்கான பிரதிக்குக் கண்ட்ரோல் எஸ் கொடுத்துவிட்டு, கண்ட்ரோல் டி அழுத்திப் படத்தின் நகலைத் திறந்து, லேயர்களை ஒன்றாக்கும் 'ஃபிளாட்டன் இமேஜ்' கொடுங்கள். அந்த நகலை 2048 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அதன் பிறகே கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க் போடுங்கள். ரேடியஸ் 0.8, அமவுன்ட் 0.4 அளவில் தொடங்கலாம். 6000 பிக்சல் படத்தில் கூர்மையாக்கிச் சுருக்கினால் அந்தக் கூர்மை கரைந்துவிடும். ஜேபெக் ஆக எக்ஸ்போர்ட் செய்த பிறகு நகலைச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஒரு திருமணத்தின் 400 ரா (கேமராவின் மூலத் தரவு) கோப்புகளை இப்படித் திருத்தலாமா என்றால், வேண்டாம். அந்த வேலைக்கு டார்க்டேபிள் என்ற மென்பொருள்தான் சரி. அது மூலக்கோப்பைத் தொடுவதே இல்லை, திருத்தங்களைப் பக்கத்தில் ஓர் எக்ஸ்எம்பி கோப்பில் எழுதி வைக்கிறது. படங்களை வேறு இடத்துக்கு நகர்த்தும்போது அந்த எக்ஸ்எம்பி கோப்புகளையும் சேர்த்தே நகர்த்துங்கள்.